பால் கக்கும் குழந்தை

கைக்குழந்தை இருக்கும் வீட்டில் தோளில் கிடக்கும் துண்டுக்கு ஓய்வே இல்லை. வயிறு நிறையப் பால் குடித்த குழந்தை, எடுத்து நிமிர்த்தியவுடன் வாயோரமாகக் கொஞ்சம் கக்கிவிடுகிறது. குடித்ததெல்லாம் போய்விட்டதே என்று தாய் கலங்குகிறாள். சுற்றி இருப்பவர்களோ ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். ஒருத்தி, தாய் தின்ற மாங்காயைக் குறை கூறுவாள். மற்றொருத்தி கண்ணேறு என்பாள். மூன்றாமவள், தாய்ப்பாலே குழந்தைக்கு ஆகவில்லை என்று தீர்ப்புச் சொல்லிவிடுவாள்.

எங்கள் வீட்டிலும் இது நடந்தது. பேறுகாலத்துக்காகப் பாறசாலையில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்த அக்காளின் குழந்தை, மூன்றாம் வாரத்திலிருந்து கக்கத் தொடங்கியது. குடிக்கும்போதே முதுகை வளைத்து அழும், விட்டுவிட்டுக் குடிக்கும். "கக்குகிற பிள்ளை தக்கும், பயப்படாதே" என்றார் பாட்டி. "உன் பால் திரிந்து போகிறது, புட்டிப்பால் கொடு" என்றார் அடுத்த வீட்டு அம்மாள். திரிந்த பாலைக் கண்ட அக்காள் இரண்டாம் சொல்லையே நம்பினாள். புட்டி வந்தது. புட்டியின் விரைவுக்குப் பழகிய குழந்தை மார்பில் வாய் வைக்க மறுத்தது. கக்குவது மட்டும் நின்றபாடில்லை.

அறிவியல் படிக்கும் எனக்கு அப்போது ஒரு வெட்கம் தோன்றியது. ஆய்வுக்கூடத்தில் அமிலத்தைத் துளித்துளியாக அளக்கக் கற்ற நான், வீட்டில் கண்முன் நடப்பதைப் பற்றி ஒன்றும் அறியாதிருந்தேன். பின்னர்ப் படித்தும், செவிலியரிடமும் மருத்துவரிடமும் கேட்டும் அறிந்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

கக்குவது ஏன்?

வாயிலிருந்து இரைப்பைக்குச் செல்லும் வழியே உணவுக்குழல். அது இரைப்பையோடு சேரும் இடத்தில் வளையம் போன்ற தசை ஒன்று உண்டு. உணவு இறங்கும்போது அது திறக்கும், இறங்கியபின் மூடிக்கொள்ளும். உணவு இறங்காத வேளையிலும் அது இடையிடையே சில நொடிகள் தளர்வதுண்டு. பெரியவர்களுக்கும் இப்படித் தளர்கிறது. ஆயினும் நம் உணவுக்குழல் ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் நீளமுடையது. நாம் நிமிர்ந்தும் இருக்கிறோம். ஆதலின் மேலே வந்தது வாயை எட்டுவதற்கு முன்பே கீழே இறங்கிவிடுகிறது. பிறந்த குழந்தையின் உணவுக்குழலோ அதில் பாதி நீளமும் இராது. குழந்தை படுத்தே கிடக்கிறது, உண்பதும் நீராகாரமே. தசை தளர்ந்த அந்தக் கணத்தில் பால் வாய்வரை வந்துவிடுகிறது. இதையே எதுக்களித்தல் என்கிறோம்.

இன்னொரு கணக்கும் பார்ப்போம். கைக்குழந்தை ஒரு நாளில் தன் எடையில் கிலோவுக்கு ஏறத்தாழ 150 மில்லிலிட்டர் பால் குடிக்கிறது. 60 கிலோ எடையுள்ள ஒருவர் அதே விகிதத்தில் குடித்தால் நாளொன்றுக்கு 9 லிட்டர் குடிக்க வேண்டும்! அவ்வளவும் வயிற்றில் போனால் நாமும் ஒரு மிடறு கக்க மாட்டோமா?

இனி, திரிந்த பால். இரைப்பைக்குச் சென்ற பால் திரியாமல் இருந்தால்தான் வியப்பு. அங்குள்ள அமிலமும் நொதியும் பாலின் புரதத்தைக் கட்டியாக்குகின்றன. செரிமானத்தின் முதற்படி அதுவே. குடித்த உடனே கக்கினால் பால் பாலாக வரும். சற்று நேரம் கழித்துக் கக்கினால் தயிர்போல் வரும். தாய்ப்பால் கெட்டது என்பதற்கு இது சான்றாகாது. அக்காளிடம் இதை முன்பே யாரேனும் சொல்லியிருந்தால் புட்டி வந்திருக்காது.

கக்கிய அளவும் கண்ணை ஏமாற்றும். ஒரு நாள் அக்காளின் முன்னிலையில் ஒரு தேக்கரண்டிப் பாலை, அதாவது 5 மில்லிலிட்டரை, துண்டின்மேல் ஊற்றிக் காட்டினேன். ஈரம் உள்ளங்கையைவிட அகலமாகப் பரவியது. "இவ்வளவுதானா?" என்று அவள் கேட்டாள். நெடுநாளைக்குப் பின் அவள் முகம் தெளிந்ததை அன்றுதான் கண்டேன்.

இது எத்தனை குழந்தைகளுக்கு உண்டு?

அமெரிக்காவில் சிகாகோ வட்டாரத்தில் 948 குழந்தைகளின் பெற்றோரைக் கேட்டு ஆராய்ந்து 1997-இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். மூன்று மாதத்திற்கு உட்பட்ட குழந்தைகளில் பாதிப் பேர் நாளுக்கு ஒரு முறையேனும் கக்கினர். நான்காம் மாதத்தில் அது நூற்றுக்கு 67 ஆயிற்று. பத்து முதல் பன்னிரண்டு மாதக் குழந்தைகளிடையே நூற்றுக்கு 5 ஆகக் குறைந்தது. குழந்தை உட்காரவும் நிற்கவும் கட்டியான உணவு உண்ணவும் தொடங்கும்போது இது தானே நீங்குகிறது. பாட்டியின் பழமொழி முற்றும் பொய்யன்று.

செய்யத் தக்கவை

முதலில் பார்க்க வேண்டியது, குழந்தை மார்பைப் பற்றும் முறை. காம்பை மட்டும் கவ்வினால் பால் சரியாக வராது. காற்றும் உள்ளே போகும். வாயை அகலத் திறந்து, காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் பெரும்பகுதியையும் சேர்த்துப் பற்ற வேண்டும். முகவாய் மார்பைத் தொட வேண்டும். குழந்தையின் தலையும் உடலும் நேர்க்கோட்டில் இருக்க வேண்டும். பால் வேகமாகப் பாய்ந்து குழந்தை திணறினால், தாய் சற்றுப் பின்னே சாய்ந்து கொடுக்கலாம். அக்காளுக்கு உதவியது இதுவே. ஒரு செவிலியர் பக்கத்தில் அமர்ந்து மூன்று நாள் பொறுமையோடு காட்டிக் கொடுத்தார். ஒரு வாரத்தில் குழந்தை மார்புக்குத் திரும்பியது.

குடித்தபின் தோளில் போட்டு முதுகை மெல்லத் தட்டி ஏப்பம் விடச் செய்ய வேண்டும். பிறகு இருபது முப்பது நிமிடம் நிமிர்த்தி வைத்திருத்தல் நலம். வயிற்றை இறுக்கும் துணியைத் தளர்த்த வேண்டும். கக்கியவுடன் ஈடு செய்வதாக எண்ணி மீண்டும் ஊட்டலாகாது. பசித்தால் குழந்தையே கேட்கும்.

கக்கும் குழந்தையைக் குப்புறப் படுக்க வைப்பது தவறு. மல்லாந்து உறங்கும் குழந்தைக்குப் பால் மூச்சுக்குழலில் போய்விடும் என்ற அச்சம் பலருக்கு உண்டு. நலமுள்ள குழந்தைகளுக்கு அப்படி நேர்வதில்லை. குப்புற உறங்குவதே உறக்கத்தில் நேரும் திடீர் மரணத்துக்கு இடம் தருகிறது. தலையணை வைத்து உயர்த்துவதும் வேண்டா.

தவிர்க்கத் தக்கவை

நம் எல்லைப்புற ஊர்களில் இரு நாட்டு வழக்கங்களும் கலந்துள்ளன. வசம்பு உரைத்துக் கொடுப்பது தமிழ் வழக்கம். பொன்னும் வயம்பும் தேனில் இழைத்து நாவில் தடவுவது மலையாள வழக்கம். வசம்பும் வயம்பும் ஒன்றே. அதிலுள்ள ஆசரோன் என்னும் பொருள் விலங்குகளிடம் செய்த சோதனைகளில் தீங்கு விளைத்திருக்கிறது. தேனோ ஒரு வயது வரை கூடாது; அதில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிர் குழந்தையின் குடலில் வளர்ந்து, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சை உண்டாக்கலாம். ஏத்தன் காய்ப் பொடிக் கூழும் கேழ்வரகுக் கூழும் நல்ல உணவே. ஆனால் ஆறு மாதம் நிறைந்த பின்னரே அவை வேண்டும்.

அமிலத்தைக் குறைக்கும் மருந்தைத் தாமே வாங்கிக் கொடுப்போரும் உளர். பால் குடித்த பின் நெடுநேரம் வரை அந்தப் பாலே அமிலத்தைத் தணித்து வைத்திருக்கிறது. ஆதலின் அப்போது மேலே வருவது பெரும்பாலும் அமிலமற்ற பால். மகிழ்ச்சியாக வளரும் குழந்தைக்கு அம்மருந்தால் பயனில்லை என்பதே குழந்தை மருத்துவ சங்கங்கள் 2018-இல் வெளியிட்ட நெறிமுறையின் கருத்து. டொம்பெரிடோன் சொட்டு மருந்து இதயத் துடிப்பைக் கெடுக்கக்கூடும் என்பதால், ஐரோப்பிய மருந்து வாரியம் 2014-இல் அதன் பயனைக் கட்டுப்படுத்தியது. பாலோ மருந்தோ மாற்றுவது மருத்துவர் வேலை.

அஞ்ச வேண்டியது எது?

கக்குவது வேறு, வாந்தி வேறு. கக்கும்போது பால் முயற்சியின்றி வழிகிறது. வாந்தியிலோ வயிற்றுத் தசைகள் இறுகி வலிந்து தள்ளுகின்றன.

பிறந்த மூன்றாம் வாரம் முதல் ஆறாம் வாரத்திற்குள், குடித்த ஒவ்வொரு முறையும் பால் பீறிட்டுத் தொலைவில் விழுந்து, உடனே குழந்தை மறுபடியும் பசியோடு பால் தேடினால், இரைப்பையின் கீழ்வாய்த் தசை தடித்து வழியை அடைத்திருக்கலாம். டென்மார்க்கு மருத்துவர் ஹிர்ஷ்ஸ்ப்ருங் 1888-இல் இதைத் தெளிவாக விவரித்தார். தடித்த தசையைக் கீறி வழிவிடும் அறுவையை ஜெர்மானியர் ராம்ஸ்டெட் 1912-இல் வெளியிட்டார். அதற்குமுன் பல குழந்தைகளைக் கொன்ற இந்நோய் இன்று எளிதில் தீர்கிறது, காலத்தில் அறிந்தால்.

வாந்தி பச்சையாக இருந்தால் காலையாகட்டும் என்று காத்திருக்கலாகாது. குடல் முறுக்கிக்கொண்டிருக்கலாம், ஒவ்வொரு மணியும் முக்கியம். இரத்தம் கலந்த வாந்தி, வீங்கிய வயிறு, புடைத்த உச்சிக்குழி, காய்ச்சல், எழுப்பியும் எழாத சோர்வு, குறைந்த சிறுநீர் ஆகியவையும் உடனே மருத்துவமனை செல்ல வேண்டிய அறிகுறிகள். கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் ஊர்திக்கு அழைக்கும் எண் ஒன்றே: 108.

இரண்டு மொழி, இரண்டு அட்டை

1956 நவம்பர் 1-ஆம் நாள் மொழிவழி எல்லை வகுத்தபோது விளவங்கோடு அப்பக்கமும் நெய்யாற்றின்கரை இப்பக்கமும் நின்றன. கோடு நிலத்தில் விழுந்ததேயன்றிக் குடும்பங்களில் விழவில்லை. இன்றும் பெண் கொடுப்பதும் எடுப்பதும் களியக்காவிளையைக் கடந்தே நடக்கின்றன. தாய்வீடு ஒரு மாநிலம்; கணவன் வீடு வேறு மாநிலம். இதில் இழப்பு குழந்தையின் எடைக் கணக்குக்கே.

கக்கும் குழந்தை நலமாக உள்ளதா என்பதைத் துண்டைப் பார்த்து அறிய முடியாது. எடையைப் பார்த்தே அறியலாம். முதல் மூன்று மாதங்களில் நாளுக்கு 20 முதல் 30 கிராம் வரை ஏறினால், குழந்தைக்குப் போதிய பால் தங்குகிறது என்று பொருள். அக்காளின் குழந்தை பாறசாலையில் வாங்கிய அட்டை மலையாளத்தில் இருந்தது. மார்த்தாண்டத்துக்கு அருகிலுள்ள கணவன் வீட்டுக்குச் சென்றபின் வேறு தராசில் நிறுத்து, வேறு தாளில் தமிழில் எழுதினார்கள். அதன்படி குழந்தை 200 கிராம் இளைத்திருந்தது! வீடே அழுதது. உடனே இங்கே கொண்டுவந்து, உடையின்றிப் பழைய தராசிலேயே நிறுத்தோம். எடை கூடியே இருந்தது. வேறுபாடு தராசில். ஒரே தராசு, உடையில்லா உடல், ஒரே அட்டை என்னும் விதியை அன்றே வகுத்துக்கொண்டோம். மலையாள அட்டையின் ஓரத்தில் ஒவ்வொரு சொல்லுக்கும் நேரே தமிழில் எழுதியும் கொடுத்தேன்.

சொற்களிலும் கவனம் வேண்டும். மலையாளத்தில் 'திகட்டல்' என்றால் எதுக்களித்தல். நமக்கோ அது தெவிட்டுதல். வாந்தியை அவர்கள் 'சர்த்தி' என்பர். நல்வேளையாக, மிகவும் தேவையான இரண்டு சொற்கள் இரு மொழிக்கும் பொதுவாக உள்ளன. ஒன்று 'கக்குதல்', மற்றொன்று 'பச்சை'. எந்தத் தாயும் எந்த மருத்துவமனையிலும் அவற்றைத் தயங்காமல் சொல்லலாம்.

அக்காளின் மகன் ஒன்பதாம் மாதத்தில் கக்குவதை நிறுத்தினான். அவனை எந்த மருந்தும் குணப்படுத்தவில்லை. அவன் வளர்ந்தான், அவ்வளவே. ஆனால் அந்த மாதங்களில் அக்காள் தன் பாலையே பழித்துக்கொண்டு அழுத இரவுகள் தேவையற்றவை. மன்றத்து நண்பர்கள் விடுமுறைக்கு ஊர் செல்லும்போது, கைக்குழந்தையோடு கலங்கும் தாய் ஒருத்தியைக் கண்டால், ஒரு தேக்கரண்டிப் பாலைத் துண்டில் ஊற்றிக் காட்டுங்கள். பிறகு எடை அட்டையை எடுத்து வரச் சொல்லி, அவளோடு உட்கார்ந்து படியுங்கள்.