நாடி பார்த்த பின்னும் செவிலியர் கையை விடாதிருப்பது ஏன்?

நோயாளருக்குத் துணையாக வார்டில் தங்கியிருப்போர் பலர் எங்களிடம் கேட்கும் கேள்வி இது. செவிலியர் கடிகாரத்தைப் பார்த்தவாறு மணிக்கட்டில் விரல் வைத்து நாடியை எண்ணுகிறார். எண்ணி முடித்திருக்க வேண்டிய நேரம் கடந்த பின்னும் கையைப் பற்றியபடியே நிற்கிறார். ஒரு சொல்லும் பேசுவதில்லை. ஏதேனும் கோளாறு கண்டுவிட்டாரோ என்று அருகில் இருப்பவர் மனம் பதைக்கிறது.

அஞ்ச வேண்டுவதில்லை. அவர் அப்போது நோயாளரின் மூச்சை எண்ணிக்கொண்டிருக்கிறார். "உங்கள் மூச்சை எண்ணப் போகிறேன்" என்று சொல்லிவிட்டால், எவராயினும் தம்மை அறியாமலே மூச்சின் வேகத்தை மாற்றிக்கொள்வார். நாடி நம் விருப்பத்திற்குக் கட்டுப்படுவதில்லை. மூச்சோ ஓரளவு கட்டுப்படும். ஆதலால் நாடி பார்ப்பது போன்ற தோற்றத்திலேயே மார்பின் அசைவைக் கவனிக்குமாறு செவிலியர் பயிற்சியின் தொடக்கத்திலேயே கற்பிக்கப்படுகிறது. மார்பு ஒருமுறை உயர்ந்து தாழ்ந்தால் ஒரு மூச்சு. கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்குவது எளிது. ஆனால் அதில் ஒரு மூச்சு தவறினால் கணக்கில் நான்கு தவறும். அதனால் எங்கள் மாணவியர் ஒரு முழு நிமிடம் நிற்கின்றனர். அந்நேரத்தில் அவர்களிடம் பேச்சுக் கொடுக்காதிருந்தால் பேருதவியாக இருக்கும்.

ஓய்வாக இருக்கும் வயது வந்தோர் நிமிடத்திற்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுவது இயல்பு. நுரையீரலில் சளியோ நீரோ சேரும்போதும், குருதியில் தொற்றுப் பரவும்போதும், நீரிழிவு கட்டுக்கடங்காமல் போய் உடலில் அமிலம் மிகும்போதும், உள்ளே குருதி கசியும்போதும் உடல் முதலில் செய்யும் வேலைகளுள் ஒன்று மூச்சின் வேகத்தைக் கூட்டுவதுதான். இதயமும் விரைந்து துடிக்கும். குருதிக் குழாய்கள் சுருங்கி இரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும். இவ்வாறு உடல் ஈடுகட்டிக்கொண்டிருக்கும் வரை இரத்த அழுத்தக் கருவி நல்ல எண்ணையே காட்டும். ஈடுகட்ட இயலாத நிலையில்தான் அழுத்தம் சரியும். இளவயதினரிடம் இந்தச் சரிவு இன்னும் காலம் தாழ்ந்தே வரும். உறவினர் எங்களிடம் முதலில் கேட்பது "பிரஷர் எவ்வளவு?" என்பதே. "சரியாக இருக்கிறது" என்ற விடையால் அவர்கள் அடையும் ஆறுதல் சில வேளைகளில் அளவுக்கு மிஞ்சியது என்பது எங்கள் கருத்து. "மூச்சு எத்தனை?" என்றும் கேளுங்கள்.

விரல் நுனியில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் கொரோனாக் காலத்திற்குப் பின் பல வீடுகளிலும் இடம்பெற்றுவிட்டது. பயனுள்ள கருவி; ஐயமில்லை. ஆயினும் விரல் குளிர்ந்திருந்தாலும் நகப்பூச்சு இருந்தாலும் அது பிழையாகக் காட்டக்கூடும். கருநிறத் தோல் உடையோரிடம் உண்மை அளவைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்ட வாய்ப்புண்டு என்பதும் ஆய்வுகளால் அறியப்பட்டுள்ளது. நம் மண்ணின் மக்களுக்கு இது பொருந்தும் செய்தி. மேலும், ஒருவர் நிமிடத்திற்கு 30 முறை மூச்சு வாங்கி, அவ்வுழைப்பினாலேயே ஆக்சிஜன் அளவை 96 விழுக்காட்டில் நிறுத்தியிருக்கலாம். கருவி காட்டுவது அந்த 96-ஐ மட்டுமே. உழைப்பைக் காண்பதற்குக் கண் வேண்டும்.

இனி, இரவில் எழுப்புவதைப் பற்றி. "இப்போதுதான் கண் அயர்ந்தார், விட்டுவிடுங்கள் அம்மா" என்று உறவினர் கெஞ்சுவதை நாங்கள் நன்கு உணர்கிறோம். நோயாளருக்கு உறக்கமும் மருந்தே. மூச்சை உறக்கத்திலேயே எண்ணிவிடலாம். ஆனால் அறுவை சிகிச்சைக்குப் பின் மார்பின் போன்ற வலிநீக்கி பெற்றவர் ஆழ்ந்து உறங்குகிறாரா, மருந்தின் மிகுதியால் மயக்க நிலைக்குச் செல்கிறாரா என்பதைப் பார்த்த அளவில் கூற இயலாது. இரண்டும் ஒன்றுபோலவே அமைதியாகத் தோன்றும். குறட்டைகூட நலத்தின் அடையாளம் ஆகாது. பெயர் சொல்லி அழைத்தால் கண் விழிக்கிறாரா, தெளிவாக விடை தருகிறாரா என்பதே வேறுபாட்டைக் காட்டும். மூச்சு நிமிடத்திற்கு 8 அல்லது அதற்கும் குறைந்தால் உடனே மருத்துவரை அழைக்க வேண்டிய நிலை அது.

பக்கத்துக் கட்டிலில் இருப்பவரை மணிக்கொரு முறை பார்க்கிறார்கள், எங்களைக் காலையும் மாலையுமே பார்க்கிறார்கள் என்ற மனக்குறையும் எங்கள் செவிக்கு எட்டுகிறது. பிரித்தானியாவின் ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிசியன்ஸ் 2012-இல் வகுத்து 2017-இல் திருத்திய மதிப்பெண் முறை ஒன்று உண்டு. மூச்சு, ஆக்சிஜன், இரத்த அழுத்தம், நாடி, உணர்வு நிலை, வெப்பநிலை ஆகியவை இயல்பிலிருந்து எவ்வளவு விலகியுள்ளன என்பதற்கு ஏற்ப எண்கள் தரப்படும். கூட்டுத்தொகை சுழியமானால் 12 மணிக்கு ஒருமுறை பார்த்தால் போதும்; 5 அல்லது 6 ஆனால் மணிக்கொரு முறையேனும் பார்க்க வேண்டும்; 7-ஐத் தொட்டால் தொடர்ந்த கண்காணிப்பு. இங்கும் அவ்வகைக் கணக்கே பின்பற்றப்படுகிறது. ஆகவே உங்களை அடிக்கடி பார்க்கவில்லையெனில், பெரும்பாலும் அது மகிழத்தக்க செய்தியே.

அதே முறையின் 2017-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் புதிதாகச் சேர்க்கப்பட்டது "புதிய குழப்பம்" என்னும் குறி. இடம், நாள் தெரியாமல் பேசுவது, ஆளை மாற்றி அழைப்பது, காரணமின்றிச் சினப்பது போன்றவை இதில் அடங்கும். இதற்கு 3 மதிப்பெண். மூச்சு 25-ஐ எட்டினாலும் அதே 3 தான். இங்கேதான் உங்கள் துணை எங்களுக்கு இன்றியமையாதது. எழுபது வயதுத் தந்தை நேற்று வரை இப்படிப் பேசியவரா, இன்றுதான் தடுமாறுகிறாரா என்பதை அவரை இன்று முதன்முறை காணும் செவிலியர் எவ்வாறு அறிவார்? "அப்பா வழக்கம்போல் இல்லை" என்று உங்களுக்குத் தோன்றினால், காரணம் சொல்லத் தெரியாவிடினும் வந்து சொல்லுங்கள். நள்ளிரவாயினும் சொல்லுங்கள். காதுக்கருவியும் மூக்குக்கண்ணாடியும் பையிலேயே இருந்துவிட்டால் தெளிவான மனிதரும் குழம்பியவர் போல் காணப்படுவார். ஆகவே அவற்றைத் தலைமாட்டில் வையுங்கள்.

வீட்டில் இருமலும் காய்ச்சலும் உள்ள குழந்தைக்கு இக்கணக்கு இன்னும் பயன்படும். குழந்தை அழாமலும் பால் குடிக்காமலும் இருக்கும்போது சட்டையை உயர்த்தி வயிற்றசைவை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் வரையறைப்படி, இரண்டு மாதம் நிறையாத குழந்தைக்கு 60, அதற்கு மேல் ஓராண்டு வரை 50, ஐந்து வயது வரை 40 என்ற எண்ணிக்கையை மூச்சு எட்டினாலோ கடந்தாலோ அது வேகமூச்சு. நிமோனியாவின் அறிகுறியாக இருக்கலாம். மூச்சிழுக்கும்போது விலா எலும்புகளுக்குக் கீழே மார்பு உள்வாங்கினால், எண்ணிக்கொண்டு நிற்காமல் உடனே அழைத்து வாருங்கள்.

அளவெடுப்பிற்கு முன் நினைவில் கொள்ள வேண்டியவை சில. சிறுநீரகச் சுத்திகரிப்புக்காகக் கையில் ஃபிஸ்டுலா அமைக்கப்பட்டிருந்தால், அந்தக் கையில் அழுத்தப் பட்டையைக் கட்ட விடாதீர்கள். செவிலியர் புதியவராயின் நீங்களே முந்திச் சொல்லிவிடுங்கள். வாயில் வெப்பமானி வைப்பதற்குச் சற்று முன் சூடான காப்பியோ குளிர்ந்த நீரோ குடித்திருந்தால் அதையும் தெரிவியுங்கள். கால் மணி நேரம் கழித்து வந்து பார்ப்போம்.