10 நம்பர் ஸ்பேனர் உங்களிடம் ரெண்டு இருக்கா? கார் வைத்திருப்பவர்கள் இரட்டையாக வாங்க வேண்டிய டூல்ஸ்!

மெக்கானிக் ஷெட்டில் தினமும் ஒரு தடவையாவது தேடப்படும் பொருள் எது தெரியுமா? 10 நம்பர் ஸ்பேனர். நம்மூர் ஷெட்டில் மட்டுமல்ல. உலகம் முழுக்க மெக்கானிக்குகள் தங்களுக்குள் சொல்லிச் சிரிக்கும் ஜோக்கே இந்த 10 நம்பர் காணாமல் போவதைப் பற்றியதுதான்.

இதில் மாயமந்திரம் எதுவும் இல்லை. 6 மி.மீ தடிமன் உள்ள போல்ட்டின் தலை 10 மி.மீ இருக்கும். காரில் பேட்டரி டெர்மினல், பேட்டரியைப் பிடித்திருக்கும் பட்டை, ஏர் ஃபில்டர் பெட்டி, சின்னச் சின்ன பிராக்கெட்டுகள் என எங்கு பார்த்தாலும் இந்த போல்ட்தான். அதிகம் புழங்குகிறது, அளவும் சிறியது. கை தவறினால் இன்ஜின் இடுக்கில் விழுந்து, அடியில் இருக்கும் பிளாஸ்டிக் கவரில் போய் உட்கார்ந்துகொள்ளும். அடுத்த சர்வீஸில்தான் கிடைக்கும்.

அப்படியென்றால், தொலைந்துபோகும் என்பதற்காகத்தான் இரண்டு வாங்க வேண்டுமா? அது ஒரு காரணம்தான். இரண்டாவது டூல் வெறும் ஸ்டெப்னி கிடையாது. முதலாவது தனியாகச் செய்ய முடியாத வேலையை முடித்துக்கொடுக்கத்தான் அது வேண்டும்.

செட்டில் ஒளிந்திருக்கும் சிக்கல்

கடையில் டபுள் எண்ட் ஸ்பேனர் செட் வாங்கியிருப்பீர்கள். பிரித்துப் பாருங்கள். 6-7, 8-9, 10-11, 12-13, 14-15, 16-17, 18-19, 20-22 என்று வரிசையாக எட்டு ஸ்பேனர்கள். எல்லா அளவும் இருப்பது போலத்தான் தெரியும். ஆனால், எந்த அளவும் ஒன்றுக்கு மேல் இருக்காது.

இப்போது சைலன்சர் பைப்பில் ஒரு போல்ட்டைக் கழற்ற வேண்டும் என்று வையுங்கள். ஒரு பக்கம் போல்ட்டின் தலை, மறுபக்கம் நட்டு. இரண்டும் பெரும்பாலும் ஒரே அளவில்தான் இருக்கும். நட்டைத் திருப்பினால் போல்ட்டும் கூடவே சுற்றும். ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொள்ள ஒன்று, மறுபக்கத்தைத் திருப்ப இன்னொன்று என ஒரே அளவில் இரண்டு ஸ்பேனர் இல்லாமல் நகராது. இந்த இடத்தில்தான் வீட்டில் பலர் கட்டிங் பிளேயரை எடுக்கிறார்கள். பிளேயர் வழுக்கி, நட்டின் முனைகள் மழுங்கி வட்டமாகிவிடும். பிறகு மெக்கானிக்கே வந்தாலும் நட்டை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

இதற்காக அதே செட்டை இன்னொன்று வாங்க வேண்டியதில்லை. அதே அளவுகளில் ரிங் ஸ்பேனர் செட் ஒன்று வாங்கினால் போதும். டபுள் எண்ட் ஸ்பேனர் நட்டின் இரண்டு பக்கங்களைத்தான் பிடிக்கும். ரிங் சுற்றிலும் கவ்விக்கொள்ளும். அதனால் ரிங்கைத் திருப்பும் பக்கத்துக்கும், மற்றதைப் பிடிக்கும் பக்கத்துக்கும் வைத்துக்கொள்ளலாம். ஒரே செலவில் எல்லா அளவும் இரட்டையாகிவிடும்.

எட்டும் வேண்டாம், முக்கியமானது மட்டும் போதும் என்பவர்கள் காரைப் பார்த்து முடிவு செய்யலாம். மாருதி, டொயோட்டா போன்ற ஜப்பானிய வழி வந்த கார்களில் 10, 12, 14 அதிகம் புழங்கும். ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா போன்ற ஐரோப்பிய வழி கார்களில் 12-க்குப் பதில் 13 வரும். 10 மட்டும் எல்லோருக்கும் பொது.

டேப் சுற்றிய ஸ்பேனர்

இரண்டாவது 10 நம்பருக்கு ஒரு தனி வேலை கொடுக்கலாம். அதன் பிடியில் இன்சுலேஷன் டேப்பை நன்றாகச் சுற்றி, காரிலேயே போட்டுவிடுங்கள். அது பேட்டரிக்கு மட்டும். பேட்டரியின் பாசிட்டிவ் டெர்மினலைக் கழற்றும்போது ஸ்பேனரின் மறுமுனை கார் பாடியில் பட்டால் பெரிய தீப்பொறி பறக்கும். கையில் மோதிரம் இருந்தால் அதுவும் சூடேறித் தீக்காயம் ஆகலாம். டேப் சுற்றினால் ஆபத்து குறையுமே தவிர, முறையை மாற்றக் கூடாது. கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில்.

திருப்புளியிலும் இதே கதைதான். தட்டை முனை திருப்புளியை எத்தனை பேர் ஸ்க்ரூவுக்கு மட்டும் பயன்படுத்துகிறோம்? பெயின்ட் டப்பா திறப்பது, வீல் கப்பை நெம்புவது, காய்ந்த அழுக்கைச் சுரண்டுவது எல்லாம் அதுதான் செய்கிறது. பிறகு முனை தேய்ந்து, ஸ்க்ரூவின் தலையைக் கெடுக்கும். நல்லது ஒன்றைப் பத்திரமாக வைத்துவிட்டு, பழையதை இந்த வேலைகளுக்கு விட்டுவிடலாம். கதவின் உள்பக்க பேனலைக் கழற்றுவதென்றால் மட்டும் திருப்புளி வேண்டாம். அதற்கென்று பிளாஸ்டிக் நெம்புகோல்கள் கிடைக்கின்றன, கீறல் விழாது.

டயர் பிரஷர் கேஜும் இரண்டு இருந்தால் நல்லது. ஒன்று காட்டும் கணக்கில் சந்தேகம் வந்தால், இன்னொன்றில் சரிபார்க்கலாம். டயர் குளிர்ந்திருக்கும்போது பார்ப்பதுதான் சரியான அளவு. எவ்வளவு வைக்க வேண்டும் என்பது டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரிலேயே பெரும்பாலும் இருக்கும்.

எல்லாவற்றையும் இரட்டையாக வாங்கிக் குவிக்க வேண்டும் என்பதில்லை. டார்க் ரென்ச் விலை அதிகம். அதை நல்லதாக ஒன்று வாங்கினால் போதும். சுத்தியலும் ஒன்று போதும். அதைவிடக் கூடுதலாக இருந்தால் அடிக்கத்தான் தோன்றும்!

பஞ்சர் ஆகும்போது தெரியும் அருமை

குடும்பத்தோடு வெளியூர் போகிறீர்கள். இரவு நேரம், பைபாஸில் டயர் பஞ்சர். காரோடு வந்த வீல் ஸ்பேனர் குட்டையாக இருக்கும். ஆனால், டயர் கடையில் நட்டுகளை மெஷின் வைத்து இறுக்கியிருப்பார்கள். அந்தக் குட்டை ஸ்பேனரில் கையால் அழுத்தினால் பலருக்கு அசையவே அசையாது. வயதானவர்கள், தனியாகப் போகும் பெண்கள் சாலையோரத்தில் உதவிக்கு யாராவது வருவார்களா என்று காத்திருக்க வேண்டியதாகிவிடும்.

கூட்டல் குறி வடிவில் இருக்கும் கிராஸ் ஸ்பேனரோ, கைப்பிடி நீளும் வீல் ஸ்பேனரோ டிக்கியில் இருந்தால் இந்தக் கஷ்டம் இல்லை. கைப்பிடி இரண்டு மடங்கு நீளம் என்றால், கொடுக்க வேண்டிய பலம் பாதிதான். பல மாருதி கார்களில் வீல் நட் அளவு 19. ஹூண்டாய், டொயோட்டாவில் பெரும்பாலும் 21. வாங்குவதற்கு முன் உங்கள் காரில் ஒரு முறை மாட்டிப் பார்த்துவிடுங்கள். ஜாக்கியால் தூக்குவதற்கு முன்பே, டயர் தரையில் இருக்கும்போதே நட்டுகளைச் சற்றுத் தளர்த்திவிட வேண்டும் என்பதையும் வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வைக்கலாம்.

அலாய் வீலில் லாக் நட் போட்டிருப்பவர்களுக்கு ஒரு விஷயம். அந்த நட்டைத் திறக்கும் சிறிய சாவி தொலைந்தால், கையில் எத்தனை ஸ்பேனர் இருந்தாலும் பிரயோஜனம் இல்லை. வாங்கும்போதே மாற்றுச் சாவி கிடைக்குமா என்று கேளுங்கள். சாவியில் எண் இருந்தால் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஜோடியாக மட்டுமே வாங்க வேண்டியது

மற்ற டூல்ஸ் ஒன்று குறைந்தால் வேலைதான் நிற்கும். இது குறைந்தால் உயிர் போகும். அதுதான் ஜாக் ஸ்டாண்ட்.

காருடன் வரும் ஜாக்கி, டயர் மாற்றுவதற்கு மட்டும். அதை நம்பி காருக்கு அடியில் தலையையோ கையையோ நுழைக்கக் கூடாது. ஹைட்ராலிக் ஜாக்கியும் அப்படித்தான். உள்ளே ஆயில் கசிந்தால் கார் கீழே இறங்கிவிடும். நம்மூரில் இதற்குப் பதிலாகச் செங்கல், ஹாலோ பிளாக் முட்டுக் கொடுப்பது வழக்கம். அவை விரிசல் காட்டி எச்சரிக்கும் என்று எதிர்பார்க்க முடியாது, ஒரே நொடியில் நொறுங்கிவிடும்.

ஜாக் ஸ்டாண்ட் எத்தனை டன் தாங்கும் என்பது அதிலேயே குறிப்பிட்டிருக்கும். காரின் இரண்டு பக்கமும் சமமாக நிற்க ஜோடியாகத்தான் வேண்டும். சமதளமான, கெட்டியான தரையில் மட்டும் தூக்குங்கள். ஹேண்ட் பிரேக் போட்டு, தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். கையேட்டில் காட்டியிருக்கும் இடத்தில் ஸ்டாண்டை நிறுத்தி, கழற்றிய சக்கரத்தையும் பாடிக்கு அடியில் படுக்க வைத்துவிடுங்கள். உள்ளே போவதற்கு முன், காரைப் பக்கவாட்டில் ஒரு முறை கையால் தள்ளிப் பாருங்கள். ஸ்டாண்ட் கொஞ்சம் ஆடினாலும் காரை இறக்கி, முதலிலிருந்து சரியாக வையுங்கள்.