480 நாள் கணக்கு

வடசென்னையின் திருவொற்றியூரில் கம்பெனிதான் முகவரி. 2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் வந்து நின்ற கடைசி நிலையத்தின் பெயரே விம்கோ நகர். ஒரு தீப்பெட்டிக் கம்பெனி ஊருக்குக் கொடுத்த பெயர் அது. "பையன் என்ஃபீல்டுல பெர்மனென்ட்" என்றால் ஒரு காலத்தில் பெண் வீட்டார் மேற்கொண்டு விசாரிக்க மாட்டார்கள்.

அந்த மரியாதை பிறந்த வருடம் 1955 என்று வைத்துக்கொள்ளலாம். ஜனவரியில் ஆவடி காங்கிரஸ் மாநாடு, சோஷலிச பாணி சமுதாயமே இலக்கு என்று தீர்மானம் போட்டது. அதே வருடம் என்ஃபீல்டு இந்தியா உருவானது, எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் அசோக் லேலண்ட் ஆனது, பெரம்பூரில் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையை நேரு திறந்துவைத்தார். காலியிடங்களை வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கு அறிவிக்கச் சொல்லும் சட்டம் 1959-ல் வந்தது. அப்ரண்டிஸ் சட்டம் 1961-ல். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டரோ டர்னரோ படி, அப்ரண்டிஸாகப் போ, பிறகு பெர்மனென்ட் ஆகு. எல்லோருக்கும் கிடைத்ததில்லை. உள்ளே மாமாவோ சித்தப்பாவோ இருந்தவனுக்குக் கேட் சுலபமாகத் திறந்தது. பெண் பிள்ளைகளுக்கு அநேகமாகத் திறக்கவே இல்லை. ஆனாலும் படிக்கட்டு எங்கே இருக்கிறது என்று ஊருக்குத் தெரிந்திருந்தது.

சோவியத் நாட்டில் படிப்பிலிருந்து வேலைக்குப் போகும் இந்தப் படிக்கட்டு கட்டாயமாகவே இருந்தது. பட்டம் வாங்கியவரை அரசே ஓர் இடத்துக்கு அனுப்பும். மூன்று வருடம் அங்கே உழைத்தாக வேண்டும். தொழிற்பள்ளிகள் ஆலைகளை ஒட்டியே நடந்தன. 1991-ல் எல்லாம் உடைந்தபோது ஆலை ஒரு பக்கம், பள்ளி ஒரு பக்கம், பையன் நடுத்தெருவில். பெலாரஸ் மட்டும் பழைய முறையை இன்னும் விடவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்த போலந்து போன்ற நாடுகள் 2013-ல் 'இளைஞர் உத்தரவாதம்' என்ற ஏற்பாட்டுக்குள் வந்தன. படிப்பை முடித்த, அல்லது வேலை இழந்த நான்கு மாதத்துக்குள் வேலை, மேல்படிப்பு, அப்ரண்டிஸ் இடம், இவற்றில் ஒன்று கிடைக்க வேண்டும். சொன்னபடியே எல்லா இடத்திலும் நடந்துவிடவில்லை. ஆனாலும் அரசாங்கம் தன் தலைமேல் ஒரு கெடுவை வைத்துக்கொண்டதே, அது எனக்குப் பிடிக்கிறது.

நமக்கும் திருப்பம் அதே 1991-தான், தாராளமயம் வந்த வருடம். பெரம்பூர் பி அண்ட் சி மில் 1996-ல் மூடியது. புதிய மோட்டார் ஆலைகள் ஒரகடம், வல்லம் வடகால் என்று நகரத்தின் மறுகோடிக்குப் போயின. திருவொற்றியூரில் ஆலைகள் இன்னும் ஓடுகின்றன. கேட்டுக்குள் போகும் விதம்தான் மாறிப்போனது.

தமிழ்நாட்டில் 1981-ல் ஒரு சட்டம் வந்தது. 24 மாதத்தில் 480 நாள் தொடர்ந்து வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும். வடசென்னை டீக்கடையில் யாரைக் கேட்டாலும் இந்தக் கணக்கைச் சொல்வார்கள். கணக்கு 480-ஐத் தொடாமல் பார்த்துக்கொள்ளும் வித்தையையும் சேர்த்தே சொல்வார்கள்: பிரேக் கொடுப்பது, கான்ட்ராக்டரை மாற்றுவது, பழைய அப்ரண்டிஸ் போனதும் புது அப்ரண்டிஸை எடுப்பது. அப்ரண்டிஸ் சட்டத்தின் 18-ஆம் பிரிவுப்படி அப்ரண்டிஸ் பயிற்சி பெறுபவர், தொழிலாளி அல்ல. மெஷினில் நிற்கும் நேரம் ஒன்றுதான், கணக்கில்தான் வராது.

இப்போது பயிற்சிக்குக் குறைவில்லை. 2022 மார்ச் 1-ல் தமிழக அரசின் 'நான் முதல்வன்' திறன் பயிற்சித் திட்டம் தொடங்கியது. டாட்டா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து 71 அரசு ஐ.டி.ஐ.களை அரசு புதுப்பித்திருக்கிறது. பழைய லேத்தோடு ரோபோவும் வந்துவிட்டது. நல்லதுதான். ஆனால் விழாக்களில் பயிற்சி பெற்றவர்கள் எண்ணிக்கையைத்தான் வாசிக்கிறார்கள். இரண்டு வருடம் கழித்து அவர்களில் எத்தனை பேர் அதே தொழிலில் நிலைத்திருக்கிறார்கள் என்பதையும் மேடையில் வாசித்தால் தேவலை. ரயில்வே, அப்ரண்டிஸ் சட்டப்படி பயிற்சி முடித்தவர்களுக்கு அடிமட்டப் பணிகளில் 20 சதவீதம் ஒதுக்குகிறது. வெல்டிங் கற்றவன் தண்டவாளப் பராமரிப்புக்குப் போகலாம் என்றாலும், எழுத்தில் உள்ள ஒதுக்கீடு அது.

தனியார் ஆலைக்கு அப்படி ஒன்றும் இல்லை. பயிற்சி முடித்தவருக்கு வேலை தரும் கடமையை அப்ரண்டிஸ் சட்டத்தின் 22-ஆம் பிரிவு முதலாளிமேல் சுமத்தவில்லை. 1995-ல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில், மற்ற தகுதிகள் சமமாக இருந்தால் அங்கேயே பயின்றவருக்கு முன்னுரிமை என்றது. 2014-ல் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. தன்னிடம் பயின்றவர்களை வேலைக்கு எடுப்பது பற்றி ஒவ்வொரு முதலாளியும் ஒரு கொள்கை வகுக்க வேண்டும் என்கிறது திருத்தம். நாளைக் காலை ஷிப்டுக்கு அப்ரண்டிஸ் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடப்போகும் பையனோ பெண்ணோ, பேனாவைத் திறக்குமுன் ஹெச்.ஆர். ஆளிடம் கேட்கலாம்: "சார், அந்தக் கொள்கைக் காகிதத்தை ஒரு தடவை காட்டுறீங்களா?"