குமட்டலுக்கு ஒரு மாத்திரை

பொதிகை மலையிற் பிறக்கும் தாமிரபரணி புன்னைக்காயலருகே மன்னார் வளைகுடாவிற் கலக்கிறது. அதன் தலைப்பில் பாபநாசத்திலிருந்து காரையாற்றுக்கு ஏறும் மலைப்பாதை. அதன் கடைசியில் அலைகடல். இவ்விரண்டிடத்தும் மனிதரைப் பிடிக்கும் துன்பம் ஒன்றே. வளைந்து வளைந்து ஏறும் பேருந்திலும், ஆடியசையும் படகிலும் பழக்கமில்லாதவர்க்குத் தலை சுற்றுகிறது, வாயில் நீர் ஊறுகிறது, குமட்டுகிறது, பின்னர் வாந்தி வருகிறது. "ஒரு மாத்திரை போட்டால் சரியாகிவிடும்" என்று அருகிலிருப்பவர் சொல்லுவார். அந்த ஒரு மாத்திரையைப் பற்றியதே இப்பேச்சு.

மாணவ நண்பர்களே, வாந்தி நோயன்று, நோயின் அறிவிப்பு. அது வயிற்றின் செயலாகத் தோன்றினும், அதற்கு ஆணையிடுவது மூளையின் அடிப்பகுதியாகிய முகுளம். முகுளத்துக்குச் செய்தி பல வழிகளில் வந்து சேர்கிறது. பயணத்தில் கண் ஒன்று சொல்ல, உட்செவி வேறொன்று சொல்லுகிறது; அம்முரண்பாடு ஒரு வழி. கெட்ட உணவு குடலைத் தாக்கும்போது குடல் நரம்புகள் எழுப்பும் கூக்குரல் மற்றொரு வழி. இரத்தத்திற் கலந்த நஞ்சை முகுளத்தை ஒட்டிய ஒரு சிறு பகுதி உணர்ந்து சொல்லுவது மூன்றாம் வழி. அச்சமும் நோவும் தீநாற்றமும் பெருமூளையிலிருந்து வரும் நான்காம் வழி.

நம் ஆற்றில் கோடைமேலழகியான் முதல் திருவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள் உள்ளன. கன்னடியன் கால்வாயின் தலைமதகை அடைத்தால் மருதூர்க் கால்வாயில் ஓடும் நீர் நின்றுவிடுமா? நில்லாது. வாந்தி மருந்துகளும் இத்தகையனவே. புரோமெதசின் போன்றவை உட்செவி வழியை அடைப்பவை. ஆகையால் பயணத்துக்கு ஏற்றவை. ஒன்டான்செட்ரான் செரோடோனின் என்னும் பொருள் கொண்டுவரும் செய்தியைத் தடுப்பது. புற்றுநோய் மருந்தாலும் அறுவைச் சிகிச்சையாலும் வரும் வாந்திக்குப் பெரிதும் உதவுவது. மலைப்பாதை மயக்கத்துக்கோ அது பெரும்பயன் தருவதன்று. மெட்டோகுளோப்ரமைடும் டோம்பெரிடோனும் டோபமின் என்னும் பொருளின் செய்தியைத் தடுப்பவை. எந்த மதகை அடைப்பது என்று தெரிந்து எழுதுவது மருத்துவர் சீட்டு. சென்ற மாதம் தமையனுக்கு எழுதிய சீட்டு இன்று தங்கையின் நோயை அறியாது.

அறியாமல் கொடுப்பதால் விளைவது யாது? மெட்டோகுளோப்ரமைடு மூளைக்குள்ளும் புகுவது. சிலருக்கு, சிறப்பாகக் குழந்தைகளுக்கும் இளைஞர்களுக்கும், மருந்துண்ட ஓரிரு நாட்களுக்குள் கழுத்து ஒருபுறம் திருகிக் கொள்ளும், கண்கள் மேல்நோக்கிச் செருகும், தாடை இறுகும், நாக்கு வெளியே தள்ளும். காண்போர் இதனை வலிப்பென்றும், இரணஜன்னி என்றும், பேயின் சேட்டை என்றும் மயங்கக்கூடும். உண்மையில் இது மருந்தின் பக்கவிளைவே. உடனே மருத்துவமனைக்குக் கொண்டு சென்று, உண்ட மாத்திரையின் அட்டையைக் காட்டினால், தக்க ஊசியால் பெரும்பாலும் சிறிது நேரத்திலேயே தணிந்துவிடும். அட்டையை எறிந்துவிட்ட வீட்டார்தாம் திகைத்து நிற்பர். இம்மருந்தைப் பொதுவாக 5 நாட்களுக்கு மேற்படாமல் அளித்தல் வேண்டுமென ஐரோப்பிய மருந்துக் கண்காணிப்பு நிறுவனம் 2013ஆம் ஆண்டில் அறிவுறுத்தியது.

ஏனைய மருந்துகளுக்கும் தனித்தனி எல்லை உண்டு. டோம்பெரிடோன் சிலருக்கு இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குலைக்கும். எரித்ரோமைசின், கீட்டோகோனசோல் போன்ற மருந்துகளோடு சேர்ந்தால் அந்த அபாயம் மிகும். புரோமெதசின் உறக்கம் தருவது; அதையுண்டு வண்டி ஓட்டுதலும், அதனோடு மது அருந்துதலும் கூடா. இரண்டு வயது நிறையாத குழந்தைக்கு அதைக் கொடுத்தலாகாது. மூச்சு அடங்கிவிடக் கூடும்.

கருவுற்ற மகளிரின் குமட்டலைப் பற்றி உலகம் மிகப் பெரிய விலை கொடுத்துப் பாடம் கற்றது. 1957ஆம் ஆண்டில் மேற்கு ஜெர்மனியில் தாலிடமைடு என்னும் உறக்க மருந்து விற்பனைக்கு வந்தது. தீங்கற்றது என்று விளம்பரம் செய்யப்பட்டதால், கர்ப்பகாலக் குமட்டலுக்கும் பல நாடுகளில் அது வழங்கப்பட்டது. 1961ஆம் ஆண்டின் இறுதியில் அது திரும்பப் பெறப்படுவதற்குள் கைகால் குறைந்த குழந்தைகள் ஆயிரக்கணக்கில் பிறந்துவிட்டன. அமெரிக்காவில் பிரான்சிஸ் கெல்சி என்னும் பெண்மணி, சான்றுகள் போதா என்று கூறி அனுமதியளிக்க மறுத்ததால் அந்நாடு பெருமளவு தப்பியது. கருவுற்ற பெண்ணுக்கு மருந்தே கூடாது என்பது இதன் பொருளன்று; நன்கு ஆராயப்பட்ட மருந்துகள் இன்று உள்ளன. கருவுற்றிருப்பதை மருத்துவரிடம் சொல்லி, அவர் எழுதுவதை மட்டுமே உண்ணவேண்டும் என்பதே பொருள்.

இனி, எழுதிய மருந்தை உண்ணும் முறை. மருத்துவரிடம் வயது, பிற நோய்கள், உண்டுவரும் பிற மருந்துகள், முன்பு ஒவ்வாத மருந்து ஆகியவற்றை மறையாது சொல்லுக. நாட்டு மருந்து உண்பவராயின் அதனையும் சொல்லுக. பயண மாத்திரையைப் புறப்படுவதற்கு முன்பே உண்ணவேண்டும். வாந்தி தொடங்கியபின் விழுங்கினால் மாத்திரையும் வெளியே வந்துவிடும். உணவுக்கு முன்பு என்று எழுதியிருப்பின் முன்பே உண்க. உண்ட மாத்திரை வாந்தியில் வந்துவிட்டால், உடனே வேறொன்றை விழுங்காது மருத்துவரைக் கேட்க. ஒருவேளை தவறியதற்காக மறுவேளை இரட்டிப்பாக உண்ணுதல் கூடாது. குழந்தைக்குரிய திரவ மருந்தின் அளவு அதன் எடையைப் பொறுத்தது. சமையலறைக் கரண்டியால் அளக்காமல் புட்டியோடு வரும் அளவுமூடியால் அளக்கவேண்டும்.

வாந்தியால் இழந்த நீரையும் உப்பையும் எம்மாத்திரையும் திருப்பித் தராது. உப்புச் சர்க்கரைக் கரைசலைச் சிறிது சிறிதாகப் புகட்டுவது மாத்திரையினும் முதன்மையானது. வாந்தியில் இரத்தமோ பசும்பித்தமோ வந்தாலும், கடுமையான தலைவலியோ வயிற்று வலியோ உடன் இருந்தாலும், தலையில் அடிபட்டபின் வாந்தி வந்தாலும், சிறுநீர் குறைந்து சோர்வு மிகுந்தாலும் மாத்திரையைத் தேடவேண்டா, மருத்துவமனையைத் தேடுக. அந்நிலையில் வாந்தியை அடக்குவது, கூவி எழுப்பும் காவற்காரனின் வாயைப் பொத்துவது போலாகும்.

மருந்து என்பது நான்கு உறுப்புகளை உடையது என்று வள்ளுவர் வகுத்தார்: நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து கொடுப்பவர். நம் சிற்றூர்களில் இந்நான்காமவர் பெரும்பாலும் வீட்டிலுள்ள மாணவரே. கடைக்கு ஓடுபவரும் அவர். அட்டையிலுள்ள ஆங்கில எழுத்தைப் படித்துச் சொல்லுபவரும் அவர். ஆச்சி, "இதைப் போட்டுக்கொள்ளலாமா?" என்று பழைய அட்டையை நீட்டும்போது, மருந்தின் பெயர், அது முடிவடையும் நாள், சீட்டின்பேரில் மட்டுமே விற்கத்தக்கது என்னும் எச்சரிக்கை ஆகியவற்றைப் படியுங்கள். படித்தபின், "இது உங்களுக்கு எழுதியதன்று, மருத்துவரைக் கேட்டு வருகிறேன்" என்று சொல்லுங்கள். நீங்கள் கற்ற கல்வி ஓர் உயிருக்குக் காவலாய் நிற்பது அச்சொல்லில்தான்.