காளான் கற்கப் பத்துப் பேர் வேண்டும்

1959ஆம் ஆண்டு இத்தாலியத் தொலைக்காட்சியில் ‘லாஷா ஓ ராதொப்பியா’ என்றொரு வினாடி வினா நிகழ்ச்சி வந்துகொண்டிருந்தது. எந்தத் துறையில் கேள்வி வேண்டும் என்பதைப் போட்டியாளரே சொல்லிவிடலாம். அமெரிக்காவிலிருந்து வந்திருந்த இசையமைப்பாளர் ஜான் கேஜ் காளான்களில் கேளுங்கள் என்றார். வாரா வாரம் வென்று கடைசிச் சுற்றுக்கு வந்தவரிடம், வெள்ளை ஸ்போர் உதிர்க்கும் காளான்களின் 24 பெயர்களைச் சொல்லும்படி கேட்டார்கள். அவர் அகர வரிசையில் அத்தனையையும் சொல்லி முடித்தார். பரிசு ஐம்பது லட்சம் லிரா.

மலைப்பான நினைவாற்றல்தான். ஆனால் என்னைக் கவர்ந்தது அந்தக் கேள்வி. குடையின் நிறத்தைக் கேட்கவில்லை. மணத்தையோ ருசியையோ கேட்கவில்லை. கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரியாத ஒரு தூளின் நிறத்தை வைத்துக் கேட்டார்கள். காளான் படிப்பின் வாசல் அந்தத் தூளில்தான் இருக்கிறது.

நாம் காளான் என்று பறிப்பது பூஞ்சையின் இனப்பெருக்க உறுப்பு மட்டுமே. உண்மையான உடல் மண்ணுக்குள்ளோ மரக்கட்டைக்குள்ளோ நூலினும் மெல்லிய வெள்ளை இழைகளாகப் பரவிக் கிடக்கிறது. ஈரமும் வெப்பமும் கூடிவரும்போது அந்த இழைகள் திரண்டு குடையாக மேலே வருகின்றன. குடையின் அடியில் அடுக்கடுக்காகத் தெரியும் தகடுகளைச் செவுள்கள் என்கிறோம். அவற்றிலிருந்து இனப்பெருக்கத் துகள்களான ஸ்போர்கள் கோடிக்கணக்கில் உதிர்ந்து காற்றோடு போகின்றன. ஒரு ஸ்போரைக் கண்ணால் காண முடியாது. ஓர் இரவு முழுக்க ஒரே இடத்தில் விழவைத்தால் காணலாம். முற்றிய காளானின் தண்டை வெட்டி எறிந்துவிட்டு, குடையைச் செவுள் கீழே இருக்கும்படி காகிதத்தில் வைத்து, மேலே ஒரு டம்ளரைக் கவிழ்த்துவிட வேண்டும். பாதி வெள்ளையும் பாதி கறுப்புமான காகிதமாக இருந்தால் எந்த நிறம் விழுந்தாலும் தெரியும். காலையில் குடையை எடுத்தால் செவுள்களின் அச்சு அப்படியே தூளாகப் பதிந்திருக்கும். வெள்ளை, இளஞ்சிவப்பு, துருப்பழுப்பு, கறுப்பு என்று குடும்பத்துக்கொரு நிறம். வெயிலில் வெளுத்தாலும் மழையில் நனைந்தாலும் குடையின் நிறம் மாறிவிடும். ஸ்போரின் நிறம் மாறுவதில்லை.

இந்த நிறம் உயிரைக் காக்கும் இடங்கள் உண்டு. தென்கிழக்கு ஆசியாவில் வைக்கோல் காளான் அன்றாட உணவு. அதன் தண்டின் அடியில் ஒரு கிண்ணம் இருக்கும், தண்டில் வளையம் இருக்காது, ஸ்போர் இளஞ்சிவப்பு. ஐரோப்பாவில் ஓக் மரங்களோடு வாழும் ‘டெத் கேப்’ காளானுக்கும் அடியில் அதே கிண்ணம் உண்டு; கூடவே தண்டில் வளையமும், வெள்ளை ஸ்போரும். ஐரோப்பிய மரங்களின் வேரோடு சேர்ந்து இந்தக் காளான் கலிஃபோர்னியாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. லாவோஸிலிருந்தும் சீனாவிலிருந்தும் அங்கே குடியேறியவர்கள் ஊரில் தாங்கள் பறித்த காளான்தான் என்று நம்பி இதைச் சமைத்திருக்கிறார்கள். 2011ஆம் ஆண்டின் கடைசி இரவில் கான்பெராவில் அப்படிச் சமைத்த ஒரு விருந்து இரண்டு உயிர்களைக் கொண்டுபோனது. வைக்கோல் காளானைக் குடை விரியும் முன்பே, முட்டை வடிவில் இருக்கும்போது பறிப்பதுதான் வழக்கம். அந்தப் பருவத்தில் வளையமும் தெரியாது, ஸ்போரும் உதிராது. பிரித்தறிய உதவும் இரண்டு அடையாளங்களும் உறைக்குள் மறைந்திருக்கும் நேரத்தில் அது கைக்கு வருகிறது.

அந்த மக்கள் அறியாமையால் இறந்தார்கள் என்று சொல்வது அநியாயம். தங்கள் மண்ணில் பல தலைமுறைகள் சோதித்த அறிவு அவர்களிடம் இருந்தது. அந்த மண்ணில் டெத் கேப் இல்லாததால் இரண்டையும் பிரித்தறியும் தேவையே அவர்களுக்கு வரவில்லை.

டெத் கேப்பின் நஞ்சு அமாடாக்சின். கொதிக்கவைத்தாலும் உலர்த்தினாலும் அது அழிவதில்லை. மரபணுவிலுள்ள செய்தியை நகலெடுக்கும் நொதியை இது முடக்குகிறது; அதனால் ஈரல் செல்கள் புதிய புரதம் செய்ய முடியாமல் மடிகின்றன. சாப்பிட்டு ஆறு மணி நேரத்துக்கும் மேலாக எந்தக் குறியும் தெரியாது. பிறகு கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்து ஒரு நாளில் தணிந்ததுபோல் இருக்கும். நோயாளி தேறிவிட்டார் என்று வீட்டார் நிம்மதி அடையும் அந்த வேளையில் ஈரல் உள்ளே அழிந்துகொண்டிருக்கும். 2016 டிசம்பரில் வடக்குக் கலிஃபோர்னியாவில் மட்டும் 14 பேர் இந்த நஞ்சுக்கு ஆளானார்கள். அத்தனை பேரும் உயிர் பிழைத்தார்கள். ஆனால் மூன்று பேருக்கு ஈரல் மாற்ற வேண்டிவந்தது.

நச்சுக் காளானைக் கண்டுபிடிக்க ஊருக்கு ஊர் சொல்லும் சோதனைகள் எதுவும் இங்கே உதவாது. வெள்ளிக் கரண்டி கறுக்காது. பூண்டு நிறம் மாறாது. புழுவும் நத்தையும் தின்ற தடம் இருந்தால் நாமும் தின்னலாம் என்பதும் பொய். அவற்றின் உடல் வேறு, நம் உடல் வேறு. டெத் கேப் ருசியாக இருந்தது என்று பிழைத்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஆக, எல்லாக் காளானுக்கும் பொதுவான ஒரு சோதனை கிடையாது. கையில் இருக்கும் காளான் இன்ன வகை என்று பெயர் சொல்லத் தெரிய வேண்டும், தெரியாவிட்டால் விட்டுவிட வேண்டும்.

பெயர் சொல்லத் தெரிந்துகொள்வது எப்படி? இங்கேதான் சங்கங்கள் வருகின்றன. இங்கிலாந்தின் ஹெர்ஃபர்டில் இருந்த வுல்ஹோப் இயற்கை ஆர்வலர் கழகம் 1868இல் டாக்டர் ஹென்றி புல் என்ற மருத்துவரின் முயற்சியால் காளான் தேடும் நடையைத் தொடங்கியது. ஆண்டுதோறும் இலையுதிர்காலத்தில் அறிஞர்களும் பாதிரியார்களும் ஊர்க்காரர்களும் காட்டுக்குள் போய்க் கூடை நிறையக் கொண்டுவந்து, பெயர் சொல்லி, உண்ணக்கூடியதை ஒன்றாக அமர்ந்து உண்டார்கள். அமெரிக்காவில் பாஸ்டன் காளான் சங்கம் 1895இல் பிறந்தது. நம் ஜான் கேஜும் 1962இல் நண்பர்களோடு சேர்ந்து நியூயார்க் காளான் சங்கத்துக்கு உயிர் கொடுத்தார். ஒருமுறை அவர் உண்ணும் கீரை என்று நம்பி ஒரு நச்சுச் செடியைப் பறித்து, தானும் தின்று நண்பர்களுக்கும் கொடுத்து மருத்துவமனைவரை போயிருக்கிறார். முறையாகப் படித்தாக வேண்டும் என்ற பிடிவாதம் அவருக்கு அதிலிருந்து வந்தது. இந்தச் சங்கம் இன்றும் நடக்கிறது. அதன் வழிகாட்டிகளில் ஒருவராக இருந்த கேரி லிங்காஃப், மன்ஹாட்டன் நடுவிலுள்ள சென்ட்ரல் பூங்காவில் மட்டும் 400க்கும் மேற்பட்ட காளான் வகைகளைப் பட்டியலிட்டார். காடு தேடி வெகுதூரம் போகவேண்டியதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

சங்கத்தின் நடை எங்கும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். கையில் கூடை, பிளாஸ்டிக் பையில் போட்டால் காளான் வியர்த்து அழுகிவிடும். காளானை மேலோடு கிள்ளாமல் கத்தியால் அடியோடு அகழ்ந்து எடுப்பார்கள். மண்ணுக்குள் இருக்கும் அந்தக் கிண்ணம் மண்ணிலேயே தங்கிவிட்டால் டெத் கேப்பின் முக்கிய அடையாளம் போய்விடும் அல்லவா? எந்த மரத்தடியில் கிடைத்தது, கட்டையிலா மண்ணிலா என்று குறித்துக்கொள்வார்கள். ஒவ்வொரு வகையும் தனித்தனிக் காகிதப் பையில். நடை முடிந்ததும் ஒரு மேசையில் எல்லாவற்றையும் பரப்பி, மூத்தவர்கள் ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்து, வெட்டி, வெட்டிய இடம் நீலமாகிறதா என்று பார்த்துப் பெயர் எழுதிவைப்பார்கள். புதியவர் ஒருவர் நாற்பது வகைகளை ஒரே மேசையில் பார்க்கிறார். ஒரே வகையின் குஞ்சு, நடுவயது, கிழடு மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கிறார். புத்தகத்தில் ஒரு வகைக்கு ஒரு படம், அதுவும் அழகான ஒன்று. செல்போன் செயலிக்கு மணமும் தெரியாது, மண்ணுக்குள் இருப்பதும் தெரியாது. அனுபவசாலியான ஒருவர் காளானை நம் கையில் கொடுத்து, இதை முகர்ந்து பார், இதை ஒடித்துப் பார் என்று சொல்லும்போதுதான் அறிவு விரலில் ஏறுகிறது. தெரியாத ஒன்றை எடுத்து, இது எனக்குத் தெரியவில்லை என்று அந்த மூத்தவர் பத்துப் பேர் முன்னிலையில் சொல்வதைக் கேட்பதும் பெரிய பாடம்.

காட்டில் பறித்ததை வீட்டில் வளர்க்கலாமே என்ற ஆசை இந்த நடைகளில் எல்லோருக்கும் வரும். எதை வளர்க்க முடியும் என்பதை அந்தக் காளானின் பிழைப்பு முறை தீர்மானிக்கிறது. ஆப்ரிகாட் பழ மணம் வீசும் மஞ்சள் சாண்டரெல், கொழுத்த தண்டுள்ள போர்ச்சினி போன்றவை உயிருள்ள மரத்தின் வேரோடு கூட்டு வைத்தவை. மரம் அவற்றுக்குச் சர்க்கரை தருகிறது. அவை மரத்துக்கு நீரும் தாதுவும் சேர்த்துத் தருகின்றன. மரம் இல்லாமல் அவை இல்லை, ஆகவே அவற்றைப் பையில் வளர்க்க வழியில்லை. நம் ஊர்ப் புற்றுக்காளானின் கூட்டாளி கறையான். கறையான்கள் புற்றுக்குள் தோட்டம் போட்டு இந்தப் பூஞ்சையை வளர்க்கின்றன; அது இலைச்சருகையும் மரத்தூளையும் செரித்துக் கொடுக்கிறது. மழை பெய்ததும் புற்றுக்குள்ளிருந்து நீண்ட வேர் போன்ற தண்டோடு குடை மேலே வருகிறது. இந்தப் பேரினத்துக்கு டெர்மிட்டோமைசிஸ் என்று பிரெஞ்சு அறிஞர் ரோஜர் ஹீம் 1942இல் பெயர் வைத்தார். இத்தனை ருசியான காளானை இன்றுவரை கறையான் இல்லாமல் பண்ணையில் விளைவித்து விற்க முடியவில்லை. அதனால்தான் புற்றுக்காளான் மழைக்காலச் சாலையோரத்தில் மட்டும் கிடைக்கிறது.

மூன்றாவது கூட்டம் செத்த மரத்தையும் வைக்கோலையும் தின்று வாழ்வது. சிப்பிக் காளான் இந்த இனம். துணை எதுவும் கேட்பதில்லை. மரத்தில் நைட்ரஜன் குறைவு என்பதால், தன் இழைகளில் சுரக்கும் நஞ்சால் நுண்புழுக்களை முடக்கிப் பிடித்துத் தின்று அந்தக் குறையைத் தீர்த்துக்கொள்கிறது. தட்டில் சாதுவாகக் கிடக்கும் சிப்பிக் காளான் ஒரு வேட்டைக்காரன் என்பது பலருக்குத் தெரியாது.

இதை வளர்க்க ஒரு மூலை போதும். வைக்கோலை விரல் நீளத் துண்டுகளாக நறுக்கி, நாலைந்து மணி நேரம் ஊறவைத்து, ஒரு மணி நேரம் வேகவைக்க வேண்டும். வேகவைப்பது மற்ற பூஞ்சைகளைக் கொல்ல. நம் விதைக்கு முன்னால் பச்சைப் பூசணம் ஏறிவிட்டால் படுக்கை வீண். ஆறவைத்துக் கையால் பிழிந்தால் சொட்டாமல் ஈரம் மட்டும் தெரிய வேண்டும். இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் உள்ள பாலித்தீன் பையில் ஒரு அடுக்கு வைக்கோல், அதன்மேல் ஒரு பிடி காளான் விதை என்று மாற்றி மாற்றிப் போட்டு, வாயைக் கட்டி, சில துளைகள் போட்டுத் தொங்கவிடலாம். காளான் விதை என்பது வேகவைத்த சோளத்தில் பூஞ்சை இழையைப் படரவிட்டது. பதினைந்து இருபது நாளில் பை முழுக்க வெண்மையாகிவிடும். அப்போது பையைக் கிழித்து, ஈரச்சாக்கு தொங்கும் குளிர்ந்த வெளிச்ச மூலைக்கு மாற்றி, நாளும் தண்ணீர் தெளித்தால் மூன்று நான்கு நாளில் குண்டூசித் தலைகள் கிளம்பும். அவை குடையாக விரிய இன்னும் மூன்று நாள். ஓரம் சுருளுமுன் பறித்துவிடுங்கள். ஒரு பை மூன்று அறுவடை தரும். உலர்ந்த வைக்கோல் ஒரு கிலோவுக்கு அரைக் கிலோ முதல் ஒரு கிலோ வரை எதிர்பார்க்கலாம். படுக்கையறையில் மட்டும் வைக்க வேண்டாம். முற்றிய காளான் உதிர்க்கும் ஸ்போரைத் தொடர்ந்து சுவாசிப்பது நுரையீரலுக்கு ஆகாது.

தமிழ்நாட்டுச் சமவெளி வெயிலுக்குப் பால் காளான் இன்னும் தோதானது. வங்காளத்தில் தானாக முளைத்த இந்த வெண்ணிறக் காளானை 1974இல் அறிவியல் உலகுக்கு விவரித்தார்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998இல் ஏ.பி.கே.-2 என்ற ரகமாக வெளியிட்டு, 30 டிகிரிக்கு மேலும் விளையும் முறையை வகுத்துக் கொடுத்தது. காட்டிலிருந்து வீட்டுக்கு வந்த இந்தியக் காளான் என்று இதைப் பெருமையோடு சொல்லலாம். காளான் விதையும் பயிற்சியும் கோவையில் இந்தப் பல்கலைக்கழகத்திலும், மாவட்டங்களில் வேளாண் அறிவியல் நிலையங்களிலும் கிடைக்கின்றன.

வளர்ப்புக்கு வழி இருக்கிறது. காட்டுக் காளானைக் கற்கத்தான் நம்மிடையே கூட்டம் போதாது. பறவை பார்க்கும் நண்பர்கள் பல ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடுகிறார்கள். அதே நடையில் தரையையும் கொஞ்சம் பாருங்கள். கல்லூரித் தாவரவியல் ஆசிரியர் ஒருவரையும், புற்றுக்காளான் பறித்துப் பழகிய பெரியவர் ஒருவரையும் கூட்டிக்கொள்ளுங்கள். வனத்துறைக் காப்புக்காட்டில் அனுமதியில்லாமல் எதையும் எடுக்காதீர்கள். பூங்காப் புல்வெளியில் மழைக்குப் பின் பெரிய வெள்ளைக் குடைகள் தெரிந்தால் ஒன்றை எடுத்து வந்து காகிதத்தில் கவிழ்த்து வையுங்கள். பச்சைத் தூள் விழுந்தால் அது குளோரோஃபில்லம் மாலிப்டைட்டிஸ். தின்ற சில மணி நேரத்தில் கடும் வாந்தி தரும். பெயர் தெரியும்வரை எதுவும் சட்டிக்குள் போகக் கூடாது. யாராவது சாப்பிட்டு வாந்தி எடுத்தால், நின்றுவிட்டது என்று காத்திருக்காமல், மிச்சமிருக்கும் காளானையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.