தமிழ்க் கோப்புப் பெயர்களும் பதிலிக்குறித் தேடலும்: லாசப்பல் துண்டறிக்கைகளை முன்வைத்து

முன்னுரை

பாரிஸ் நகரின் கார் து நோர் தொடருந்து நிலையத்தை அடுத்த லாசப்பல், ஈழத்தமிழரின் கடைத்தெருவாக வளர்ந்த பகுதியாகும். 1985இல் நிறுவப்பட்ட மாணிக்க விநாயகர் ஆலயத்தின் தேர்த்திருவிழா அறிவித்தல்கள், கடை விளம்பரங்கள், மரண அறிவித்தல்கள் ஆகியன புலம்பெயர் வரலாற்றின் முதன்மைச் சான்றுகள். இத்தகையவற்றை வருடி மேகச் சேமிப்பகத்தில் இட்டால் மட்டும் போதாது. மீண்டும் கண்டெடுக்கவும் இயல வேண்டும். அதில் எழும் இடர்களை இக்கட்டுரை விளக்குகிறது.

கோப்புறையற்ற சேமிப்பகம்

2006இல் அறிமுகமான அமேசான் எஸ்3 போன்ற பொருட்சேமிப்பகங்களில் கோப்புறை என்பது பொதுவாகத் தோற்றமே. ‘லாசப்பல்/1998/கோவில்-தேர்’ என்பது முழுவதும் ஒரே பெயர். சாய்கோடும் அதில் ஒரு குறியே. சேமிப்பகம் பெயரின் தொடக்கத்தை மட்டும் ஒப்பிட்டு, ஒருமுறைக்கு 1000 பெயர்கள் வரை பட்டியலிடும். உடுக்குறி முதலிய பதிலிக்குறிகளைப் பொருத்துவது பட்டியலைப் பெறும் கருவியின் வேலை. எனவே ‘லாசப்பல்/1998/*தேர்’ விரைவில் முடியும். ‘*/1998/*’ என்பதற்கோ சேமிப்பகம் முழுவதையும் பட்டியலிட நேரலாம். உடுக்குறி சாய்கோட்டைத் தாண்டுமா என்பதும் கருவிக்குக் கருவி வேறுபடும். கூகுள் மேகக் கருவியில் தாண்டுவதற்கு இரட்டை உடுக்குறி வேண்டும்.

எழுத்தும் குறியீட்டுப் புள்ளியும்

கேள்விக்குறி ஓரெழுத்தைக் குறிக்கும் என்பர். ஆயினும் கருவிகள் பலவும் எண்ணுவது ஒருங்குறிப் புள்ளிகளையே. ‘கோ’ தமிழில் ஓரெழுத்து. ஒருங்குறியில் ககரமும் ஓகாரக் குறியுமாக இரு புள்ளிகள். ஆகவே ‘?வில்’ என்பது ‘கோவில்’ என்பதனோடு பொருந்தாது, ‘??வில்’ பொருந்தும். ஓகாரக் குறியை ஏகாரக் குறியும் காலுமாகப் பிரித்தெழுதவும் ஒருங்குறி இடமளிக்கிறது. அப்போது புள்ளிகள் மூன்றாகும். திரையில் வேறுபாடு தெரியாது. எஸ்3 பெயர்களைப் பைட் வரிசையாகவே ஒப்பிடுவதால் அவை இரு வேறு பெயர்கள். பிரித்தெழுதிய ‘கோவில்’, ‘லாசப்பல்/1998/கோ’ எனத் தேடினால் வாராது. ‘லாசப்பல்/1998/கே’ எனத் தேடினால் வரும். மேக் கணினிகளின் பழைய கோப்பு முறைமை பெயர்களைப் பிரித்தே சேமித்தது; அங்கிருந்து ஏற்றப்பட்டவை இவ்வாறு மறையக்கூடும்.

பெயரின் நீளத்திற்கும் வரம்புண்டு. எஸ்3 ஏற்பது 1024 பைட். தமிழ்ப் புள்ளி ஒவ்வொன்றும் 3 பைட் கொள்வதால், தமிழ் மட்டுமே கொண்ட பெயரில் 341 புள்ளிகளே அடங்கும்.

முடிவுரை

ஏற்றுமுன் பெயர்களைச் சேர்த்தெழுதும் வடிவிற்கு இயல்பாக்குதல், இடத்தையும் ஆண்டையும் பெயரின் தொடக்கத்தில் அமைத்தல், பதிலிக்குறியால் அழிக்குமுன் அதே குறியால் பட்டியலிட்டுப் பார்த்தல் ஆகிய மூன்றும் இன்றியமையாதன. தேடலில் வாராத துண்டறிக்கை, சேமிப்பில் இருந்தும் ஆய்வாளருக்கு இல்லாததே.