மணலைப் பெற்ற மலை

எட்டாம் வகுப்பு சமூக அறிவியலில் 'பாறை மற்றும் மண்' பாடம் நடத்தும்போது, ஆஸ்திரேலியாவின் பர்னுலூலு தேசியப் பூங்காவின் படங்களை மாணவர்களுக்குக் காட்டுவேன். தேன்கூடுகளை வரிசையாக வைத்தாற்போல, ஆரஞ்சும் கறுப்புமாகக் கோடு போட்ட மணற்பாறைக் குன்றுகள். அவற்றுக்கிடையே குறுகிய, ஆழமான பள்ளத்தாக்குகள். படத்தைப் பார்த்ததும் கேள்வி வரும்: "நம்ம மலையில இந்த மாதிரி ஒண்ணும் இல்லையா சார்?"

ஜவ்வாது மலையில் படிக்கும் பிள்ளைகளின் இந்தக் கேள்வியை அப்படியே கடந்துபோக முடியாது. புத்தகத்தில் வரத்தக்கவை எல்லாம் வேறெங்கோ இருக்கின்றன என்ற எண்ணம் அதில் ஒளிந்திருக்கிறது. அதற்கு விடை தேடித்தான் மாணவர்களுடன் ஜமுனாமரத்தூர் அருகிலுள்ள பீமன் அருவிப் பகுதிக்குக் களப்பயணம் சென்றோம்.

முதலில் வயதைப் பார்ப்போம். பர்னுலூலுவின் மணற்பாறை சுமார் 35 கோடி ஆண்டுகளுக்கு முன், மணல் அடுக்கடுக்காகப் படிந்து இறுகி உருவான படிவுப்பாறை. ஜவ்வாது மலையில் நம் காலடியில் இருப்பவை சார்னோகைட், நைஸ் வகைப் பாறைகள். பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் உருவானவை. அதாவது, படத்தில் கண்டு வியந்த பாறையைவிட ஏறக்குறைய ஏழு மடங்கு மூத்தவை. இதைக் கரும்பலகையில் வகுத்துப் பார்த்தபோது வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது.

இங்கே மணற்பாறை இல்லை. ஆனால், மணற்பாறைக்கு வேண்டிய மணல் பிறப்பது இத்தகைய மலைகளில்தான். களத்தில் மாணவர்கள் செய்தவை மூன்று:

1. சாலை ஓரம் புதிதாக உடைந்து கிடந்த கல்லையும், பல காலம் வெயிலும் மழையும் பட்ட கல்லையும் ஒப்பிட்டார்கள். பழைய கல்லின் மேற்பரப்பு விரலால் தேய்த்தாலே உதிர்ந்தது. இதுதான் பாறைச் சிதைவு.

2. நீர் குறைவாக ஓடிய பாதுகாப்பான ஓடைக்கரையில் மணல் எடுத்து, உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தார்கள். கண்ணாடித் துண்டுபோல் மின்னியவை குவார்ட்ஸ் துகள்கள். பாறையிலுள்ள பெல்ஸ்பார் நாளடைவில் களிமண்ணாகிவிடும். குவார்ட்ஸ் எளிதில் சிதையாமல் மணலாக நிற்கும்.

3. செங்கத்தில் செய்யாற்றுக் கூழாங்கற்களைப் பொறுக்கி, மலையில் எடுத்த கற்களோடு வைத்துப் பார்த்தார்கள். மலைக்கல்லுக்கு முனை உண்டு. ஆற்றுக்கல் உருண்டு வழவழப்பாகியிருந்தது.

செய்யாறு ஜவ்வாது மலையில் தோன்றி, பாலாற்றில் கலந்து, வங்கக்கடலை அடைகிறது. வழியெல்லாம் படியும் மணலின் மேல் மேலும் மண் சேர்ந்து, அழுந்தி, துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டினால் அது மணற்பாறை. அதற்குச் சான்று நம் மாநிலத்திலேயே உள்ளது: விழுப்புரம் மாவட்டம் திருவக்கரை தேசிய கல்மரப் பூங்கா. அங்குள்ள மணற்பாறையில் சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மரங்கள் கல்லாகக் கிடக்கின்றன. அவற்றில் கிளையும் வேரும் இல்லாததால், வெள்ளம் அடித்து வந்த மரங்கள் என்கிறார்கள் புவியியலாளர்கள். ஆண்டுச் சுற்றுலாவுக்கு ஏற்ற இடம்.

களப்பயணம் முடிந்த மறுவாரம் ஒரு மாணவி கேட்டாள்: "மலை கோடிக்கணக்கான வருஷமா செஞ்ச மணலை நாம லாரியில அள்ளிட்டா, திரும்ப எப்ப சார் வரும்?" மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்த பிள்ளை கேட்கும் கேள்வி அல்ல இது. அன்றைய பாடவேளை முழுவதும் அதைப் பற்றியே பேசினோம்.

இன்னொன்றையும் மாணவர்களிடம் சொன்னேன். பர்னுலூலுவை வெளியுலகம் பரவலாக அறிந்ததே 1983இல்தான். 1987இல் அது தேசியப் பூங்காவானது; 2003இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. ஆனால், அந்த நிலத்தின் பழங்குடி மக்களுக்கு அது பல்லாயிரம் ஆண்டுகளாகத் தெரிந்த இடம். தன் ஊர்ப் பாறையின் வயதைச் சொல்லத் தெரிந்த மலைப்பிள்ளைக்கு இதன் பொருள் தானாகவே விளங்கும்.

உங்கள் பள்ளிக்கு அருகில் குன்றோ, ஆறோ, ஒரு கிணற்று வெட்டோ இருந்தால் போதும். ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடியும் நான்கு காகிதப் பைகளும் எடுத்துக்கொண்டு புறப்படுங்கள்.